வினோதினி குளிச்சிக்கிட்டிருக்கா

முசிறியா? முசிறியிலயா இறங்கறீங்க? அட, வாங்க வாங்க, ஜன்னல் ஓரமே உக்காருங்க. எனக்கு வெயில் ஆகாது. இந்தப் பையை மட்டும் காலுக்கடியில தள்ளிக்கிறேன், எல்லாம் புத்தகம், கனமா இருக்கும். நாமக்கல் தாண்டியாச்சு, இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கு. முசிறியில என்ன விசேஷம்? தங்கச்சி பேரனுக்குக் காதுகுத்தா. நல்லது, நல்லது. கைகாட்டி ஸ்டாப்புலதானே இறங்குவீங்க? இல்ல, சும்மாதான் கேட்டேன்.

நான் திருச்சிக்குப் போறேங்க. புத்தகக் கண்காட்சியில நாலு மணிக்கு வாசகர் சந்திப்பு. நான் கதை எழுதறவ. பேரு கோகிலாம்பாள், எழுதறது மென்பனி கோகிலாங்கற பேருல. கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்ல, உங்க மருமகளைக் கேட்டுப் பாருங்க, அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். காதல் கதைதான். இதுவரைக்கும் முப்பத்தேழு நாவல் வந்திருக்கு. சிரிக்காதீங்க, அம்பத்து நாலு வயசுல எனக்கு என்ன காதல்னு எங்க வீட்டுக்காரரே சிரிப்பாரு. அவரு பால் சொசைட்டியில வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவரு. கல்யாணமான நாள்லருந்து எனக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்ததில்ல. ஒரு தடவை கைநீட்டினதும் இல்ல. காலைல எழுந்து காபி போட்டு வெச்சுட்டுப் பேப்பர் படிப்பாரு. இப்படி ஒரு மனுசனை வெச்சுக்கிட்டு என்ன காதல் கதை எழுதறது, நீங்களே சொல்லுங்க.

எழுதிப் பாத்தேன். முதல்ல எழுதின கதையில அவரைத்தான் ஹீரோவா வெச்சேன். சாந்தமான ஆளு, பேங்குல வேலை, பொண்டாட்டிக்குத் தலைவலின்னா தானே சமைப்பான். கதையைத் தூக்கிக்கிட்டு மெட்ராசுக்குப் போனேன். பதிப்பகத்துக்காரர் சண்முகவேல் சார் நாலு பக்கம் புரட்டிட்டு மூடி வெச்சாரு. "அம்மா, உங்க தமிழ் நல்லா இருக்கு. ஆனா காபி போடற ஹீரோ லெண்டிங் லைப்ரரியில ஓடமாட்டான். பொண்ணுங்களுக்குக் கொஞ்சம் முரடன் வேணும். முறைக்கணும், கத்தணும், நாலு போடு போடணும். கடைசியில கால்ல விழணும். அதை எழுதிட்டு வாங்க"ன்னாரு. மூணு கதை இப்படித் திரும்பி வந்துச்சு. நாலாவதுக்கு முரடனை எழுதினேன். அன்னைக்குப் பிடிச்ச சுக்கிர திசைதான் இன்னும் விடல.

இது ஒரு கணக்குங்க. பத்தாவது அத்தியாயத்துல ஒரு அறை, இருபதுல அவ வீட்டை விட்டுப் போகணும், முப்பத்தெட்டுல அவன் கண்ணு கலங்கணும், நாப்பதுல குழந்தை. அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்றதில்லையா, அதை முந்நூறு பக்கத்துக்கு இழுக்கணும், அவ்வளவுதான் தொழில்.

இப்பல்லாம் நேரா புத்தகம் போடறதில்ல. தளம்னு ஒண்ணு இருக்கு, நெட்டுல கதை போடற இடம். செவ்வாய்க்கிழமை ஒரு அத்தியாயம், வெள்ளிக்கிழமை ஒரு அத்தியாயம். கீழயே வாசகிங்க கருத்து எழுதுவாங்க. 'அவன் கெத்து'ம்பாங்க, 'அவளை ஏன் அக்கா இப்படி அழ வைக்கிறீங்க'ம்பாங்க, ஆனா நாம அழ வைக்கலேன்னா எட்டிப் பாக்க மாட்டாங்க. கடைசி ரெண்டு அத்தியாயத்தை மட்டும் தளத்துல போட மாட்டோம். புத்தகத்துல படிச்சுக்கங்கன்னுடுவோம். அதையும் போட்டுட்டா அப்புறம் எவ புத்தகம் வாங்குவா? முடிவு என்னன்னு யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. சண்முகவேல் சார் அதுல ரொம்பக் கண்டிப்பு. "உங்க அம்மா கேட்டாலும் சொல்லாதீங்க"ம்பாரு.

நான் ஒரே ஒருத்திகிட்டதான் சொன்னேன். உங்க முசிறிப் பொண்ணுதான். வினோதினின்னு பேரு.

'உன் கோபமே என் கோடை மழை'ன்னு ஒரு கதை. ஹீரோ பேரு ருத்ரன். என் கதையிலயே பெரிய முரடன் அவன்தான். இந்த வினோதினி முதல் அத்தியாயத்துலருந்து கருத்து எழுதினா. மத்தவங்க ரெண்டு வார்த்தை எழுதினா இவ ஒரு பக்கம் எழுதுவா. கதையை மட்டும் எழுத மாட்டா, 'அக்கா உங்க முட்டிவலி எப்படி இருக்கு, பிரண்டைத் துவையல் சாப்பிடுங்க'ன்னு சேர்த்து எழுதுவா. எனக்குப் பொண்ணு இல்லைங்க, ரெண்டும் பையன். ஒருத்தன்கூட முட்டிவலியைக் கேட்டதில்ல.

ஒருநாள் எழுதியிருந்தா, 'அடிச்சதுக்கப்புறம் அவன் பரோட்டா வாங்கிட்டு வந்து, சாப்பிடுன்னு பக்கத்துலயே உக்காந்திருப்பான்னு எழுதியிருக்கீங்களே, உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?'னு. எனக்கு எப்படித் தெரியும்? சும்மா எழுதினதுதான். அப்புறம்தான் தனியா மெசேஜ் பண்ண ஆரம்பிச்சா. அவளுக்கும் வீட்டுல ஒரு ருத்ரன். கைகாட்டிப் பக்கம் டைல்ஸ் கடை வெச்சிருக்கான். குழந்தை இல்ல. அதைச் சொல்லிச் சொல்லியே அடிப்பானாம். ஒருநாள் கோயிலுக்குக் கிளம்பினவளோட செருப்பு ரெண்டையும் அரிவாளால வெட்டி, இனி எங்க போறன்னு பாக்கறேன்னு வாசல்ல போட்டுட்டானாம்.

அந்தச் செருப்பு மேட்டரை நான் கதையில எடுத்துக்கிட்டேன். அவளைக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன், கேக்காம எடுக்கல. அப்படியே எழுதினா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் மாத்தினேன். ஹீரோயின் கிளம்பறா, ருத்ரன் செருப்பைப் பிடுங்கி மாடியிலருந்து வீசிட்டு, வெறுங்காலோட நிக்கறவளை அப்படியே கையில தூக்கிக்கிட்டு உள்ள போறான். நானூத்து முப்பது கருத்துங்க! தளத்துல அதுக்கு முன்னால யாருக்கும் அப்படி வந்ததில்ல. வினோதினியும் சிரிக்கிற பொம்மை போட்டு, 'நம்ம சீன் சூப்பர் அக்கா, எங்க வீட்டுலதான் யாரும் தூக்கல'ன்னு எழுதியிருந்தா. வேடிக்கையாத்தான் எழுதியிருந்தா. எனக்கு வேடிக்கைன்னுதான் பட்டுச்சு.

போன தை மாசம் ஒரு நாள், அடி தாங்கமாட்டாம துறையூருக்கு அவ அம்மா வீட்டுக்கு வந்துட்டா. அண்ணன்காரன் நல்லவன்தான் போல, இங்கயே இரு, தையல் மிஷின் வாங்கித் தரேன்னானாம். ஒரு வாரம் போச்சு. இந்தப் புருசன் பய வந்து தெருவுல நின்னு அழுதிருக்கான். வெள்ளிக்கிழமை நல்ல நாள், வந்து கூட்டிட்டுப் போறேன்னுட்டுப் போயிருக்கான். அண்ணனுக்குக் கோபம். போனா போனதுதான், அப்புறம் செத்தாலும் இந்த வாசப்படி மிதிக்காதேன்னுட்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் எனக்கு மெசேஜ் பண்றா. 'அக்கா, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ருத்ரன் திருந்துவானா?'

நான் வழக்கமா எல்லாருக்கும் அனுப்பறதை அனுப்பினேன். 'புத்தகத்தில் படியுங்கள் செல்லமே'ன்னு, பக்கத்துல ரெண்டு இதயம் போட்டு. அவ விடல. 'புத்தகம் வர்றதுக்கு மாசமாகும் அக்கா. எனக்கு நாளைக்குள்ள தெரியணும். நீங்க எழுதினது எல்லாம் எங்க வீட்டுல அப்படியே நடந்திருக்கு. அவன் திருந்துவான்னா இவரும் திருந்துவாரு. அது மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்'ங்கறா.

நீங்களே சொல்லுங்க, கல்லுமனசா எனக்கு? சண்முகவேல் சாரு ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். சொன்னேன். 'திருந்துவான்டா. அவ கால்ல விழுந்து அழுவான்'னு சொன்னேன். போன்னு நான் சொல்லல. நீங்க வேணா என் போனைப் பாருங்க, போன்னு ஒரு வார்த்தை இருக்காது. நான் கதையைத்தான் சொன்னேன்.

இதுல இன்னொண்ணும் இருக்குங்க. இதை எங்க வீட்டுக்காரர்கிட்டக்கூட நான் சொன்னதில்ல. உங்களை இனிமே பாக்கப்போறதில்ல, அதனால சொல்றேன். அன்னைக்கு வரைக்கும் அந்தக் கடைசி ரெண்டு அத்தியாயத்தை நான் எழுதவே இல்ல. ருத்ரன் திருந்துவானா மாட்டானான்னு எனக்கே தெரியாது. ஒரு நோட்டுல வேற மாதிரி கிறுக்கி வெச்சிருந்தேன், ஹீரோயின் ஒரு ஸ்கூல்ல வேலைக்குச் சேர்ந்துடறா, அவன் கேட்டுக்கு வெளியில நிக்கறான், அவ திரும்பிப் பாக்காம பஸ் ஏறிடறா. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. ஆனா அப்படி முடிச்சா எவ வாங்குவா? அந்த யோசனையில இருந்தப்பதான் இவ கேட்டா.

வெள்ளிக்கிழமை காலைல குரல்ல பேசி அனுப்பினா. வெச்சிருக்கேன், அழிக்கல. கேக்கறீங்களா? இருங்க. இந்தப் பஸ்ஸு சத்தத்துல கேக்குதோ என்னமோ.

கேட்டுச்சா? 'அக்கா, கிளம்பிட்டேன். புதுச் செருப்பு வாங்கிட்டு வந்திருக்காரு அக்கா. அளவுதான் கொஞ்சம் பெரிசு.' அவ்வளவுதான். சிரிச்சுக்கிட்டே சொல்றா பாருங்க. புதுச் செருப்பு வாங்கிட்டு வந்திருக்கான். திருந்தாதவன் வாங்கிட்டு வருவானா? எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அன்னைக்கே உக்காந்து கடைசி அத்தியாயத்தை எழுதினேன். ருத்ரன் மண்டியிட்டு அவ காலுக்குத் தன் கையால செருப்பு மாட்டி விடறான். அதைப் படிச்சுட்டு அழாதவ கிடையாது.

அடுத்த செவ்வாய் வினோதினி கருத்து வரல. வெள்ளியும் வரல. புதுசா சேர்ந்திருக்காங்க, நம்ம ஞாபகம் எங்க இருக்கும்னு நினைச்சேன். மூணாவது வாரம் வந்துச்சு. 'சூப்பர்'. அவ்வளவுதான். அதுலருந்து வாரா வாரம் தவறாம 'சூப்பர்'. முட்டிவலியைக் கேக்கறதில்ல. ருத்ரன் பேச்சே இல்ல. முன்னல்லாம் புருசன் கடையில இருக்கற நேரம் பாத்து மத்தியானம் எழுதுவா. இப்ப காலைல எட்டரைக்கு வருது, கடை திறக்கப்போற நேரம். பேருக்குப் பக்கத்துல வாசக்கோலத்தைப் படமா வெச்சிருந்தா, இப்ப ஒரு புல்லட் வண்டி இருக்கு.

அவதாங்க. வேற யாரு அவ பேருல எழுதப்போறா?

போன் பண்ணினேன். பண்ணாம இருப்பேனா? அவன்தான் எடுத்தான். என்ன மரியாதைங்க! "கதை எழுதற அக்காவா? வணக்கங்க்கா. அவ குளிச்சிக்கிட்டிருக்காங்க்கா, வந்ததும் பேசச் சொல்றேன்"ன்னான். பேசல. நாலு நாள் கழிச்சுப் பண்ணினேன், குளிச்சிக்கிட்டிருக்கா. பங்குனியில பண்ணினேன், குளிச்சிக்கிட்டிருக்கா. சரி, நாம கூப்பிடற நேரம் அப்படின்னு ஒருநாள் காலைல, ஒருநாள் மத்தியானம், ஒருநாள் விளக்கு வெச்ச நேரம்னு மாத்தி மாத்திக் கூப்பிட்டேன். ஒரு தடவை கோயிலுக்குப் போயிருக்கான்னான், ஒரு தடவை தூங்கறான்னான். மத்ததெல்லாம் குளியல்தான். சுத்தமான பொண்ணு போலன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவர் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு என்னையே பாத்தாரு. அப்புறம், "நீ ஒருதரம் நேர்ல போய்ப் பாத்துட்டு வா, இல்லாட்டி நான் போறேன்"ன்னாரு. எனக்குப் பொல்லாத கோபம் வந்துடுச்சு. கதை படிக்காத மனுசன், அவருக்கு என்ன தெரியும்னு கத்திட்டேன். அதுக்கு முன்னால நான் அவரைப் பாத்துக் கத்தினதே இல்லைங்க.

அந்தப் பையன், அவ புருசன், ஒருநாள் போன்ல சொன்னான், "உங்க கதையாலதான் அக்கா எங்க குடும்பமே நிக்குது. அவ இப்ப ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசறதில்ல"ன்னான். எனக்கு எவ்வளவு பெருமை! சண்முகவேல் சார்கிட்டச் சொன்னேன், அவரு குதிச்சிட்டாரு. ரெண்டாம் பதிப்புல பின்னட்டையில போட்டாச்சு. இதோ பாருங்க, புத்தகத்தைத் திருப்புங்க. 'உங்கள் கதையால்தான் எங்கள் குடும்பமே நிற்கிறது. - ஒரு வாசகியின் கணவர், முசிறி.' இன்னைக்கு மீட்டிங்லயும் இதைத்தான் பேசச் சொல்லியிருக்காரு.

இந்த வெயில்ல ஏன் இவ்வளவு தண்ணி குடிக்கிறேன்னு பாக்கறீங்களா? எனக்குக் கொஞ்ச நாளா இப்படித்தான், தொண்டை வறளுது. புதுக் கதை ஒண்ணு ஆரம்பிச்சேங்க, முப்பத்தெட்டாவது அத்தியாயத்துல நிக்குது. அவன் கண்ணு கலங்கற இடம். எழுத உக்காந்தா எங்க வீட்டு பாத்ரூம்ல தண்ணி ஊத்தற சத்தம் கேக்குது. எழுந்து போய்ப் பாத்தா காஞ்சு கிடக்கு. திரும்ப உக்காந்தா திரும்பக் கேக்குது. மொண்டு மொண்டு ஊத்தற மாதிரி. பிளம்பரைக் கூட்டிட்டு வந்தேன். குழாயெல்லாம் தட்டிப் பாத்துட்டு, ஒரு சொட்டு ஒழுகலேம்மா, நல்லாத்தான் இருக்குன்னுட்டுப் போயிட்டான். அவன் கேட்டைத் தாண்டல, எனக்குச் சத்தம் கேக்குது. ரெண்டு மாசமா ஒரு வரி எழுதல, முன்னாடி எழுதி வெச்சதைத்தான் தளத்துல போட்டுக்கிட்டிருக்கேன். அவன் கால்ல விழறான்னு எழுதப் போனா கை நிக்குது.

தொட்டியம் வந்துடுச்சா? அப்ப இன்னும் அரைமணி நேரம்கூட இல்ல.

இந்த வழியில இது எனக்கு மூணாவது பயணங்க. ரெண்டு தடவையும் முசிறியில இறங்கணும்னுதான் டிக்கெட் எடுத்தேன். ஒரு தடவை மழை. ஒரு தடவை மூட்டை முடிச்சோட எப்படின்னு உக்காந்துட்டேன். இன்னைக்கு நேரா திருச்சிக்கே எடுத்துட்டேன். நாலு மணிக்கு மீட்டிங் இருக்குல்ல, இறங்கினா லேட்டாயிடும்.

அதான் உங்களை ஒண்ணு கேக்கறேன். முடியாதுன்னு சொல்லாதீங்க. இது அவ கேட்ட புத்தகம். கையெழுத்துப் போட்டு, கவர்ல வெச்சு ஒட்டியிருக்கேன். தபால்ல அனுப்பியிருப்பேன், அவன்தான் வாங்குவான். கைகாட்டியில இறங்கி அஞ்சு நிமிசம்தான். டைல்ஸ் கடை எதுன்னு யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. கடைக்குப் பின்சந்து, பச்சைக் கேட்டு. அவன்கிட்டக் கொடுக்காதீங்க. அவ கையில கொடுங்க. மென்பனி அக்கா கொடுத்துவிட்டாங்கன்னு சொல்லுங்க, ஓடி வருவா.

நானும் வரலாமேங்கறீங்க. ஆமா, வரலாம்தான்.

இல்லைங்க. என்னால முடியாது. எனக்குப் பயமா இருக்கு. போதுமா? பயமா இருக்கு. அந்தக் கேட்டைத் திறந்து அவ வந்தான்னா கட்டிப் பிடிச்சுக்குவேன், முட்டிவலி போயிடுச்சுடின்னு பொய் சொல்லுவேன். வரலேன்னா நான் என்ன பண்ணுவேன்? அவ என்னைத்தானே கேட்டா? அண்ணனைக் கேக்கல, அம்மாவைக் கேக்கல, கோயில்ல பூக்கட்டிப் பாக்கல. என்னைக் கேட்டா. நான் கதையைத்தான் சொன்னேன், ஆனா அவ என்னைத்தான் கேட்டா.

கண்டக்டர் குரல் கொடுத்துட்டாரு, எழுந்திரிங்க. பார்த்து, பார்த்து, கம்பியைப் பிடிச்சுக்கங்க. புத்தகத்தைப் பையில வெச்சுக்கங்க. கவர் மேல என் நம்பர் இருக்கு. வாசல்ல அவ செருப்பு கிடக்கான்னு பாருங்க, புதுசா இருக்கும், கொஞ்சம் பெரிய அளவு. அவன் மரியாதையா உக்காரச் சொல்லுவான், டீ வாங்கிட்டு வரேம்பான். அவ குளிச்சிக்கிட்டிருக்காம்பான். உடனே வந்துடாதீங்க. காதுகுத்துக்குக் கொஞ்சம் லேட்டானா ஒண்ணும் ஆயிடாது. பேசாம உக்காந்து, உள்ள தண்ணிச் சத்தம் கேக்குதான்னு மட்டும் கேட்டுட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க.